சூடு தணியப் பத்து நிமிடம்

எஞ்சின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டவள், காற்று உள்ளே போகும் சல்லடையில் நாணல் பஞ்சு அப்பிக் கிடக்கும் என்றுதான் நினைத்தாள். ஓர் இழைகூட இல்லை. அண்ணன் செத்து ஒரு நாள் முழுசாக ஆகவில்லை. அவன் தேய்த்துவிட்ட சல்லடை இன்னும் பளிச்சென்று இருந்தது. “பாவி” என்று பல்லைக் கடித்தாள். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இடுகாட்டுப் பாதை வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. நிலத்திலும் நீரிலும் ஓடும் இந்தக் குட்டி எட்டுச் சக்கர வண்டி ஒன்றுதான் சவப்பெட்டியை அக்கரை சேர்க்கும். அண்ணன் பதினோரு வருடம் ஓட்டிய வண்டி, நேற்று அவனைக் கொன்ற வண்டி. சதுப்பின் நடுவே எஞ்சின் சூடேறி நின்றுபோக, இடுப்பளவுச் சேற்றில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு ஒன்றரை மணி நேரம் இழுத்திருக்கிறான். கரையேறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழவே இல்லை.

நேற்று அவன் ஏற்றிப்போன நில அளவை அதிகாரி, தோளில் நீலப் பையோடு பட்டறைக்குள் வந்தார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதாம்மா. பட்டறைப் பொறுப்பு உங்களோடதாச்சே, ஒரு கையெழுத்து வேணும்.”

காகிதத்தை வாங்கிப் படித்தாள். ‘ஓட்டுநர் சல்லடையைச் சுத்தம் செய்யத் தவறியதால் எஞ்சின் சூடேறியது.’

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, தூரிகையால் சல்லடையைத் தட்டி, பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் எடுப்பான் அவன். அவனா தவறினான்?

சல்லடை வழியே போகும் காற்று எஞ்சினைத் தணித்து, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் கம்பி வலை வழியே வெளியேற வேண்டும். எட்டி அந்த வலையைப் பார்த்தாள். கம்பிகளில் நீலநிறமாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது.

“அந்தப் பையக் கொஞ்சம் திருப்புங்க சார்.”

“எதுக்கு?”

“திருப்புங்கன்னா திருப்புங்க!”

பையின் அடியில் கட்டம் கட்டமாகக் கருகியிருந்தது. அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை.

“கீழ தண்ணியா இருந்துச்சும்மா. கருவியெல்லாம் நனைஞ்சிடுமேன்னு...”

“அண்ணன் சொல்லலையா?”

“ஒரு தடவ சொன்னாரு, எடுத்துட்டேன். அப்புறம் மறந்து வச்சிட்டேன். திரும்பிப் பார்த்தாரு... ஒண்ணும் சொல்லல.”

அதுதான் அவளை இன்னும் எரித்தது. அந்த வலைமேல் அவள் ஒரு டீ டம்ளரை வைத்ததற்குப் பட்டறையே அதிரக் கத்தியவன், மூன்று நாள் பேசாமல் இருந்தவன். தங்கையிடம் மட்டும்தான் புலி. சார் என்று கூப்பிட வேண்டிய ஆள் எதிரில் வந்துவிட்டால் வாயில்லாப் பூச்சி. வாயைத் திறந்து இன்னொரு தடவை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

காகிதத்தில் இருந்த வரியை அழுத்தி அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: ‘சல்லடை சுத்தமாக இருந்தது. சூட்டுக் காற்று வெளியேறும் வலைமேல் அதிகாரியின் பை இருந்தது.’

“இப்ப நான் போடுறேன் கையெழுத்து. நீங்களும் போடுங்க.”

“என் வேலைம்மா...”

“அவன் பேரு சார்!”

அதிகாரி அவள் எழுதியதை ஒரு தரம் படித்தார். பிறகு போட்டார்.

வெளியே நால்வர் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பின்னால் அண்ணி, அழுது ஓய்ந்த முகத்தோடு. வண்டியின் நடுவில் வசதியாகத் தட்டையாக இருந்த கம்பி வலைமேல் பெட்டியை இறக்கப் போனார்கள்.

“அது மேல வைக்காதே!”

அவள் கத்தியது அப்படியே அண்ணனின் கத்தல். நால்வரும் அசையாமல் நின்றார்கள். அண்ணி சட்டென்று நிமிர்ந்து பட்டறை வாசலைப் பார்த்தாள்.

“ஓரமா வைங்க” என்றாள் தங்கை, குரலைத் தணித்து.

ஓரத்தில் வைத்தபோது பெட்டியின் கால்பக்கம் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. யாராவது தாங்கிப் பிடித்தால்தான் உண்டு. அதிகாரி ஏறிப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

பாதி தூரத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடப்போனது. அவள் எஞ்சினை அணைத்தாள்.

“என்னாச்சு? ரிப்பேரா?” அண்ணி பதறினாள்.

“ஒண்ணுமில்ல அண்ணி. பத்து நிமிஷம் ஆறட்டும்.”

 அவள் தூரிகையை எடுத்துச் சல்லடையை மெல்லத் தட்டினாள். அதிகாரி பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. நீலப் பை அவர் காலடித் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது.