சின்ன மாமாவுக்குப் போன கடிதம்

“ஏம்மா, நான் எப்ப உங்களுக்குச் சின்ன மாமா ஆனேன்?” என்று தொலைபேசியில் அந்த அம்மாள் கேட்டபோது, யாரோ வீட்டுக்குப் போடவேண்டிய போனை அலுவலகத்துக்குப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பின்னால் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம். கடையிலிருந்து பேசுகிறாராம். எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முடிவு வாங்கிப் போனவர், எண்களைப் பார்த்துக் குழம்பி விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார். எங்கள் பிரிவிலிருந்து பதிலும் போயிருக்கிறது. உறைமேல் அவருடைய பெயர், உள்ளே ‘மதிப்பிற்குரிய சின்ன மாமா அவர்களுக்கு’.

“கடுதாசி நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்ற மாதிரி எழுதியிருக்கீங்க. ஆனா நான் பொம்பளைம்மா. இந்தச் சர்க்கரை என்னோடதா, அந்த மாமாவோடதா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கடிதத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து. படிக்காமல் போட்டது.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். எண்ணெல்லாம் அவருடையதுதான். அதைச் சொல்லி, சரியான கடிதம் நாளைக்கே வரும் என்று சமாதானம் செய்து போனை வைத்தேன். எழுதியது யார் என்று பார்த்தேன். தந்தி.

தந்தி என்பது நாங்கள் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் எழுதுவது அப்படி. ‘கொழுப்பு அதிகம். மருத்துவரைப் பார்க்கவும்.’ அவ்வளவுதான், அடுத்த ஆளுக்குப் போய்விடுவான். படிக்கிறவருக்கு இருக்கிற உயிரும் போய்விடும் என்று நானே கத்தியிருக்கிறேன். சமீபமாக அவன் எழுத்தில் ஒரு குழைவு வந்திருந்தது. ‘தங்கள் கவலை புரிகிறது’ என்றெல்லாம் எழுதினான். கல்யாணம் ஆனதால் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணம் ஒரு மனிதனை இப்படிப் பதப்படுத்துமா என்று வியந்து, பிரிவில் இன்னும் சிலருக்குச் சிபாரிசு செய்யலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்று காலைதான் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. அனுமதி இல்லாத ஏஐ எதையும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. நோயாளியின் பெயரையோ விவரத்தையோ யாராவது வெளியே கொடுத்திருந்தால் அன்றைக்கே வேலை போகும். மாலைக்குள் பிரிவுத் தலைவர்கள் பதில் சொல்ல வேண்டும். ‘எங்கள் பிரிவில் யாருமில்லை’ என்று பெருமையாகத் தட்டச்சு செய்து, அனுப்பப்போகும் நேரத்தில்தான் சின்ன மாமா குறுக்கே வந்தார்.

காகிதக் கட்டுகள் அடுக்கிய அறைக்குத் தந்தியைக் கூப்பிட்டுப்போய்க் கதவைச் சாத்தினேன். கடிதத்தின் நகலைப் பார்த்ததும் அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

“ஏஐ தானே?”

“ஆமா மேடம். போன்ல.”

எத்தனை பேருடைய பெயர், வயது, வியாதி! வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லாத சங்கதியை எங்களை நம்பி எழுதுகிறவர்கள் உண்டு. “எல்லாத்தையும் தூக்கி அதுகிட்ட குடுத்துட்டியாடா, பாவி?” என்றேன். அலுவலகத்தில் நான் யாரையும் ‘டா’ போட்டதில்லை.

“ஐயோ, இல்ல மேடம். ஒருத்தர் பேரைக்கூடக் குடுக்கல. சத்தியமா. நீங்களே பாருங்க.”

போனைத் திறந்து நீட்டினான். பார்க்கப் பார்க்க எனக்கு வாய் பிளந்துகொண்டது. ‘என் பெரிய அத்தைக்குத் தைராய்டு, எப்படி ஆறுதலாக எழுதுவது?’ ‘என் மச்சானுக்குக் கொழுப்பு.’ ‘ஒன்றுவிட்ட அண்ணனுக்கு ரத்தசோகை.’ ‘என் சின்ன மாமாவுக்குச் சர்க்கரை.’ எண் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கோடு. வந்த பதிலைத் தானே திரும்பத் தட்டச்சு செய்து, கோட்டில் எண்ணை நிரப்பி, உறவை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுவானாம்.

“வெளியாள் பேரைக் குடுக்கறதுதானே தப்பு? அதான் எல்லா வியாதியையும் எங்க வீட்டு ஆளுங்களுக்கே குடுத்துட்டேன். அன்னிக்குப் பேரை மாத்தறதுக்குள்ள டீக்குக் கூப்பிட்டாங்க மேடம்.”

ஓரிடத்தில் அந்த ஏஐயே தாங்க முடியாமல், ‘உங்கள் குடும்பம் ஒரே நேரத்தில் இத்தனை சோதனைகளைச் சந்திப்பது வருத்தமளிக்கிறது; நீங்களும் உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தது.

“மாமியாருக்கு ஒண்ணையும் காணோமே?”

“அவங்களுக்குக் குடுக்கல மேடம். பயம்.”

அதற்கப்புறம் என்னால் அடக்க முடியவில்லை. காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை. “வேலை போயிடுமா மேடம்?” என்றான்.

யாருமில்லை என்று அனுப்பிவிட்டால் முடிந்தது. ஆனால் இன்னொரு நாள் இன்னொருவன் பெயரோடு கொடுப்பான். அதிலும் நான் படிக்காமல் கையெழுத்துப் போடுவேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன், என் கையெழுத்தையும் சேர்த்து. கூடவே, கடிதம் எழுதுகிற இவர்களுக்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது, தடுத்தால் மட்டும் போதாது, நாமே ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினேன்.

மதியம் இதை விசாரிக்கக் கணினிப் பிரிவிலிருந்து வேலி வந்தார். கண்ட இணையதளத்தையெல்லாம் அடைத்துவைப்பவர், அதனால் அந்தப் பெயர். முகத்தில் ஒன்றும் காட்டாமல் தந்தியின் போனை முழுக்கப் படித்தார். மச்சானைத் தாண்டும்போது மீசை லேசாக அசைந்தது.

“யாரோட விவரமும் வெளிய போகலை. ஆனா செஞ்சது தப்பு,” என்றார். “எழுத்துல எச்சரிக்கை வரும். ரெண்டு பேருக்கும். வேலைக்கு ஒண்ணும் ஆகாது.” வாசல் வரை போனவர் திரும்பி, “உள்ளுக்குள்ளயே ஓடற மாதிரி ஒண்ணு ஏற்பாடாகுது. அது வர்ற வரைக்கும் சொந்த மூளைதான்,” என்றார். என் வாழ்க்கையில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தையல்கார அம்மாளுக்குப் புதுக் கடிதத்தைத் தந்தியே எழுதினான். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ‘சர்க்கரை கொஞ்சம் கூடுதல். பயம் வேண்டாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தையல் நடக்கட்டும்.’ கடைசி வரியை நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பவும் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வேலை முடிந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில் தந்தி தன் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். சாவி போட்டிருந்தது, கிளப்பவில்லை. காதில் போன்.

“மாமா, நான்தான். இல்ல, ஒண்ணும் விசேஷம் இல்ல. சுகர் பாத்தீங்களா? சும்மாதான் கேட்டேன். அட, சும்மாதான் மாமா... சரி, பாத்துட்டுச் சொல்லுங்க.”

வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். பிறகு அதை மறுபடி டேங்கின்மேல் வைத்துவிட்டு, பெரிய அத்தையின் எண்ணாகத்தான் இருக்க வேண்டும், தேட ஆரம்பித்தான்.