காரணத்தோடு நம்பியது

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் ஆங்கிலத்தை வீட்டிலிருந்தே திருத்திக் கொடுப்பவர் அவர். தெருவில் 'இங்கிலீஷ் டாக்டர்' என்று பெயர். விவரம் தெரியாமல் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றவர்களும் உண்டு.

அன்று மேஜைமேல் ஒரு தத்துவ மாணவியின் கட்டுரை. 'அறிவு' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'ஜஸ்டிஃபைட் ட்ரூ பிலீஃப்' என்று அள்ளித் தெளித்திருந்தாள். தக்க காரணத்தோடு ஒன்றை நம்புகிறோம், அது உண்மையாகவும் இருக்கிறது. அதற்குத்தான் அந்தப் பெயர். ஆனால் காரணம் எங்கோ, உண்மை எங்கோ இருந்து தற்செயலாகப் பொருந்தினால் அது அறிவாகிவிடுமா? 'இரண்டையும் ஒன்றாக எழுதாதே' என்று ஓரத்தில் குறித்தார். ஓர் உதாரணம் தேடும்போது குளியலறையிலிருந்து விசில் கேட்டது.

அண்ணன் குளிக்கும்போது அடிக்கிற பாட்டு. அண்ணன் இறந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

அண்ணன் இறந்த அன்றைக்கும் இதே நாற்காலிதான். "உங்க அண்ணன இன்னும் காணோமே தம்பி" என்று அண்ணி கேட்டாள். "குளிக்கிறார் அண்ணி. எனக்குத் தெரியும், விசில் கேக்குதே" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். அண்ணி நிம்மதியாகச் சமையலைப் பார்க்கப் போனாள். கதவை உடைத்தபோது அண்ணன் உள்ளேதான் இருந்தார், ஈரத்தரையில். விழுந்து வெகுநேரமாகிவிட்டது என்றார் மருத்துவர். அண்ணி நம்பவில்லை. "கடைசிவரைக்கும் சந்தோஷமா விசிலடிச்சிட்டு இருந்தார், தம்பியே கேட்டார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பாவம் எழுந்து நடமாடினாள்.

இப்போது அவர் கதவைத் திறந்தார். உள்ளே யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துக் கட்டடச் சாரத்தில் ஒரு பெயிண்டர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாட்டு..."

"ரேடியோல எப்பவும் போடுறதுதானே சார். போன தடவையும் இங்க நின்னு இதத்தான் அடிச்சேன். மழை புடிச்சதும் பாதியில விட்டுட்டுப் போய்ட்டோம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடக் கீழே இறங்கினார்.

அவர் வெளியே வந்து குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். அண்ணன் உள்ளே இருந்தது உண்மை. தான் நம்பியதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் அன்று கேட்ட விசில் இந்தப் பெயிண்டருடையது. ஐயோ, ஒன்றும் தெரியாமல் 'தெரியும்' என்றேனே. அப்போதே கதவைத் தட்டியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரோ?

"கேட்டீங்களா தம்பி?" அண்ணி எதிரே நின்றிருந்தாள். முகத்தில் அத்தனை மாதமாக இல்லாத வெளிச்சம். "உங்க அண்ணன்தான். இப்பவும் கேக்குது பாருங்க."

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். குழாய் சொட்டுகிற சத்தம்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் மனசு வரவில்லை.

"கேக்குது அண்ணி."

"அப்பாடா. எனக்குத்தான் பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு நெனச்சேன். நீங்க ஆதாரம் இல்லாம ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களே."

அண்ணனின் துண்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்காவது கதவத் தட்டிக் கூப்பிடுங்க தம்பி. சாப்பாடு ஆறுது."