காட்சிக்குள் ஒரு வீடு

முதல் பேருந்து வருவதற்குள் எட்டுக் கழிப்பறைகளையும் கழுவி முடித்தாக வேண்டும். அவள் கடைசி அறையில் குந்தி உட்கார்ந்து ஓடுகளின் இடுக்கைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. வெளியே வேலிக்கம்பியில் பனி சொட்டியது. காட்சிமுனைக்கு வருகிறவர்கள் மலைவிளிம்பில் நின்று ஏரியையும், அதை நோக்கிப் படிப்படியாக இறங்கும் வயல்களையும், வயல்களுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை வீட்டையும் படம் பிடிப்பார்கள். பிறகு கழிப்பறையைத் தேடி வருவார்கள். அந்த வீடு அவளுடையது. அதில் கழிப்பறை கிடையாது.

வெகுநாள் வரை அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடை வரைக்கும் புதர் மண்டிக் கிடந்தது. காட்சிமுனை வந்த வருஷம், ஓடை மேலேயிருந்து தெரிய வேண்டும் என்று புதரையெல்லாம் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு விடிவதற்குள் போய் வந்துவிட வேண்டும். தவறினால் பொழுது சாயும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதுவும் பழகிப் போயிற்று.

அவள் புருஷன் கொத்தனார். காட்சிமுனையை ஒட்டி எழும்பிய ஓட்டலின் மூன்றாம் மாடிக்குப் பூச்சு வேலை செய்யும்போது சாரம் சரிந்து விழுந்தார். இடுப்பெலும்பு இரண்டாகப் போனது. ஆறு மாதம் படுக்கை. அப்புறம் இரண்டு கைத்தடிகள். தடிகளை ஊன்றி வாசல் வரை வரலாம், ஓடைச் சரிவில் இறங்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு வாளி வைத்தாள். ஊரார் கழிவையெல்லாம் கழுவுகிறவளுக்கு அந்த வாளி பெரிதில்லை. அவருக்குத்தான் அது பெரிதாக இருந்தது. அவள் வாளியைத் தூக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார்.

ஒருநாள் மழைப் பேச்சை நிறுத்திவிட்டு, "எத்தனை லாட்ஜுக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன். எனக்கு ஒண்ணு கட்டிக்க மாட்டேனா?" என்றார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் கிடைத்த விடுமுறைகளிலெல்லாம் குழி தோண்டினாள். பிறகு கலவை குழைத்துச் செங்கல் வைத்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் தொழில் என்னவென்று அவள் கைக்குத் தெரிந்தது அப்போதுதான். இரண்டாவது வரிசையிலேயே சுவர் முன்னால் சாய்ந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்த கொத்தனார், "இதென்ன, சுவரு என்னைப் பார்த்துக் கும்பிடுது?" என்றார். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவர் செய்த முதல் கேலி அது. அவள் சிரித்துக்கொண்டே பிரித்து மறுபடி வைத்தாள். நாளுக்கு நாள் அவருக்குக் குரல் ஏறியது. அவளை 'சித்தாளு' என்று கூப்பிட்டார். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று இருவரும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

சுவர் நெஞ்சளவு வந்தபோது காட்சிமுனையின் மேற்பார்வையாளன் இறங்கி வந்தான். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவனை எல்லோரும் விசில் என்பார்கள். அவன் நல்லவன்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினான். வந்து போன யாரோ, அழகான இடத்துக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி முளைத்திருக்கிறது என்று படத்தோடு புகார் எழுதிவிட்டார்களாம். இது இயற்கைக் காட்சிப் பாதுகாப்புப் பகுதி, புதுக் கட்டடம் கூடாது, ஏழு நாளில் அகற்ற வேண்டும் என்று தாளில் இருந்தது.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தாளை அனுப்பிய அலுவலகத்துக்குப் போனாள். பகல் முழுவதும் காத்திருந்தபின் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதட்டவில்லை.

"உங்க வீடு இருக்கலாம்மா. பழசு, பார்க்க லட்சணமா இருக்கு. அதை யாரும் தொடக் கூடாதுன்னு நாங்களே எழுதி வச்சிருக்கோம்."

"வீடு இருக்கலாம். வீட்டுல இருக்கறவங்க வெளிய போகக் கூடாதா சார்?"

அதிகாரி கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். ஓடை பக்கத்தில் இருக்கிறது, குழிக் கழிவு ஊறி ஏரிக்குப் போகும், ஏரியைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் என்று பொறுமையாக விளக்கினார். ஓட்டல் குழாயிலிருந்து அதே ஓடையில் தினமும் நுரை பொங்கி வருவதை அவள் சொன்னாள். அது வேறு விஷயம், வழக்கு நடக்கிறது என்றார். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஒரு பச்சைக் கோட்டைக் காட்டினார். அவள் வீடு கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஓட்டல் ஒரு விரற்கடை வெளியே இருந்தது.

ஏழாம் நாள் கடப்பாரையோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். கொத்தனார் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, தானே பிரிப்பதாகச் சொல்லிச் சுத்தியலைக் கேட்டு வாங்கினார். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேல் வரிசையிலிருந்து தட்டித் தட்டி, ஒரு கல்லும் உடையாமல் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி அடுக்கினாள். ஆட்கள் குழிக்குள் மண் தள்ளினார்கள்.

"குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதுன்னு சொல்லுவாங்க. நம்ம குதிரை, நாம பறிச்ச குழியையும் மூடிட்டுப் போகுது" என்றார். ஆட்களில் ஒருவன் சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டான்.

மறுபடியும் வாளிதான். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டைக் குறைத்தார். இரண்டு மாதத்தில் முதுகுக்குக் கீழே வலி வந்து சுருண்டார். சிறுநீரகம் காய்ந்து கிடக்கிறது, தினம் மூன்று லிட்டர் குடிக்காவிட்டால் ஆளே கிடைக்க மாட்டார் என்று டாக்டரம்மா அவளைத்தான் திட்டினாள். அதற்குப் பிறகு அவள் வேலைக்குக் கிளம்புமுன் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பெரிய தூக்குச்சட்டி நிறைய ஊற்றி, அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் சட்டி காலியாக இருக்கும். "குடிச்சீங்களா?" என்பாள். "வயிறு குளமாட்டம் இருக்கு" என்பார். ஆனாலும் வாளி நிறையவில்லை, முகம் வீங்கிக்கொண்டே வந்தது. மருந்து வேலை செய்யச் சில நாளாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விடுமுறைக் கூட்டம் நெரிந்த ஒரு நண்பகலில், கைப்பிடிச் சுவரோரம் சிதறிக் கிடந்த காகிதக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காசு போட்டால் மூன்று நிமிஷம் பார்க்கும் தொலைநோக்கி ஒன்றை அந்த வாரம்தான் நட்டிருந்தார்கள். அதில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள்.

"இன்னும் நேரம் மிச்சமிருக்கு. நீங்க பாருங்கக்கா. கீழ ஒரு வீடு தெரியுது, படத்துல வர்றமாதிரி."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முதலில் வெறும் பச்சை. பிறகு ஓடு. பிறகு வாசல், கையை நீட்டினால் தொட்டுவிடலாம்போல அவ்வளவு கிட்டத்தில்.

கொத்தனார் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குச்சட்டி. மூடியைத் திறந்து, உள்ளே கொஞ்சநேரம் பார்த்தார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு சட்டியைச் சாய்த்து, ஒரே இடத்தில் தேங்கிவிடாதபடி கையை மெல்ல நகர்த்தி நகர்த்தி, வாசல் மண்ணில் அத்தனை தண்ணீரையும் ஊற்றினார்.

டக்கென்று கண்ணாடி மூடிக்கொண்டது.




"அழகா இருக்குல்ல?" என்றாள் அந்தப் பெண்.

மூன்றாம் அறையில் தண்ணீர் வரவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். விசில் ஒலித்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், அது நிறையும் வரை நின்றாள்.