ஒரு பூனைக்கு ஒரு வார்த்தை

இந்தக் காலத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டுவருவதில்லை, யோசனை கொண்டுவருகிறார்கள். பழமாக இருந்தால் அழுகியதைப் பொறுக்கி எறியலாம். யோசனையை என்ன செய்வது? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருத்தி புறா ரத்தம் தேய்க்கச் சொன்னாள். ஒருவன் டிவியில் பார்த்ததாக ஏதோ பெல்ட் கட்டச் சொன்னான். வந்தவர்களில் ஒரு ஆள்கூடக் கட்டிலை ஒரு கை பிடித்து வெயில் படாத பக்கம் நகர்த்திப் போடவில்லை.

கருப்பண்ணன் லேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள், வெடி போட்டார்கள், மறு வருசமே இல்லை, பழையபடி பெரம்பலூர்தான் என்றார்கள். கவர்மெண்டே ஒரு பேச்சில் நிற்காதபோது மனுசன் எங்கே நிற்பான் என்பார். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். திருமானூருக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் கரும்பு, ஓட்டு வீடு, எழுபது வயது.

மனைவி இருசம்மாளுக்குத் தை மாதம் வலது பக்கம் விழுந்துபோனது. கூடவே பேச்சும் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்துவிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கஞ்சி கொடுத்தால் குடித்தாள். கண் மட்டும் ஆளைத் தேடும்.

பங்குனியில் ஒரு மத்தியானம் சாம்பல் பூனை கட்டிலில் ஏறியது. அது ஒன்றும் சீராட்டி வளர்த்த பூனை இல்லை. இருசம்மாள் நன்றாக இருந்த நாளில் அதன்மேல் விளக்குமாற்றை எறிவாள், எறிந்த கையோடு மீன்தலையும் போடுவாள். ஊர் சுற்றிவிட்டு வந்தால், ‘வந்துட்டியா’ என்று பாதி ஏச்சாகக் கேட்பாள். அன்றைக்கு அது அவள் இடது கைப்பக்கம் சுருண்டு படுத்ததும், இரண்டு மாதமாகத் திறக்காத வாய் திறந்தது.

“வந்துட்டியா.”

குழறல்தான். ஆனால் வார்த்தை. கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற கருப்பண்ணன் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்தார். அன்று பொழுது சாய்வதற்குள் அவர் நாலு தடவை வெளியே போய் நாலு தடவை உள்ளே வந்தார். நாலாவது தடவை இருமிக்கொண்டே வந்தார். அவள் பார்த்தாள். அவ்வளவுதான்.

பூனைக்கு ‘வந்துட்டியா’. அவருக்கு நாற்பத்தாறு வருசமாக ‘வந்தாச்சா’. நீ என்றும் சொல்லமாட்டாள், நீங்க என்றும் சொல்லமாட்டாள். சுவரிடம் கேட்பதுபோல ‘வந்தாச்சா’ என்பாள். அவரும் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. வந்து நிற்கிறவனைப் பார்த்து வந்தாச்சா என்று கேட்டால் என்னவென்று சொல்வது?

அதன்பிறகு தினமும் மத்தியானம் பூனை வரும், அவள் கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் கருப்பண்ணன் பூனைக்கு நெத்திலி வாங்கினார்.

சித்திரையில் மகள் உண்ணாமலை பெரம்பலூரிலிருந்து வந்தாள். கையில் ஒயர் கூடை, கூடையின் வாயைத் துண்டால் கட்டியிருந்தாள். அவிழ்த்ததும் ஒரு மஞ்சள் பூனைக்குட்டி தலையை நீட்டியது.

“எதுக்கு இது?”

“அம்மாவுக்குத்தான்பா. ஒரு பூனைக்கு ஒரு வார்த்தை வந்துச்சுல்ல? இன்னொன்னு இருந்தா இன்னொரு வார்த்தை வரும். எங்க தெருவுல கை காலுக்குப் பயிற்சி குடுக்குற அக்காவும் சரின்னுச்சு.”

“அப்ப பத்துப் பூனை புடிச்சாந்து உட்டா ஒங்கம்மா மைக்செட்டு கட்டிப் பேசுவாளா?”

“ஒனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?”

“ஒன் கூடையில இல்ல.”

பக்கத்து வீட்டுக் கலியம்மாள் எட்டிப் பார்த்தாள். “ரெண்டு தலையிலயும் ஒரே எண்ணெயத் தடவி உடுங்க மாமா. வாசம் ஒன்னாயிட்டா ஒன்னா படுத்துக்கும்.”

“ஒனக்கும் ஒன் மாமியாளுக்கும் தடவிப் பாத்தியா?”

கலியம்மாள் சிரித்துக்கொண்டே தலையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த பஸ்ஸிலேயே கொண்டுபோய்விடு என்று சொல்லத்தான் கருப்பண்ணன் வாயெடுத்தார். சொல்லவில்லை. இன்னொரு வார்த்தை என்று மகள் சொன்னாள் அல்லவா, அது எந்த வார்த்தையாக இருக்கும் என்று அவர் மனசு அதற்குள் ஓடிப் பார்த்துவிட்டது. யாரையும் நம்பாதவர் அந்த ஓர் இடத்தில் வழுக்கினார். “கெடக்கட்டும்” என்றார்.

குட்டிக்குப் பயமே கிடையாது. வந்த அன்றே கட்டிலில் ஏறி இருசம்மாளின் காலடியில் தூங்கியது. மத்தியானம் சாம்பல் பூனை வந்து கட்டில் காலை மோந்தது. முடி சிலிர்த்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். ஒரே தாவில் மதில்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் தடவலாம் என்று நெருங்கிய உண்ணாமலையின் கையில் மூன்று கோடு விழுந்தது. “பழகிக்கும்பா” என்று கீறலில் மஞ்சள்பொடியை அப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

மூன்று நாள் சாம்பல் பூனை ஓட்டுமேல் வைத்த மீனைத் தின்றது. நாலாம் நாள் மீனை எறும்பு தின்றது.

மத்தியானமானால் இருசம்மாள் நிலைவாசலைப் பார்த்து, “வந்துட்டியா” என்பாள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று குட்டி ஓடிப்போய் அவள் மார்பில் ஏறும். இடது கையால் தள்ளுவாள். விளையாட்டு என்று அது மறுபடி ஏறும். கருப்பண்ணன் குட்டியைத் தூக்கிக் கலியம்மாள் வீட்டில் விட்டார். பொழுதுபோவதற்குள் திரும்பி வந்துவிட்டது. வேண்டாத சனியனுக்குத்தான் வழி தெரிகிறது.

எட்டு நாள் இருசம்மாள் கேட்டாள். ஒன்பதாம் நாள் கேட்கவில்லை.

கருப்பண்ணன் கரும்புக்காட்டில் தேடினார். எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. அவர் ஒருநாளும் அதைக் கூப்பிட்டதில்லை. கடைசியில் அவள் சொல்லையே எடுத்துக்கொண்டார். பட்டப்பகலில் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டு, ஆளில்லாத கரும்பைப் பார்த்து, “வந்துட்டியா, வந்துட்டியா” என்று கத்தினார். களையெடுக்கப் போன பெண்கள் நின்று பார்த்துவிட்டுக் குசுகுசுவென்று பேசிக்கொண்டு போனார்கள்.

தேடத் தொடங்கிய ஆறாம் நாள் பாழடைந்த ஒரு மோட்டார் கொட்டகையில் அகப்பட்டது. எலும்பும் தோலுமாக இருந்தது. சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடித்தார், முழங்கைவரை பிறாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து குட்டியைக் கூடையால் கவிழ்த்து மூடினார். குட்டியின் வாசம் போகக் கட்டிலில் துவைத்த விரிப்பை மாற்றிப் போட்டார். சாக்கை அவள் இடது கைப்பக்கம் வைத்து அவிழ்த்தார்.

“பாரு, யாரு வந்துருக்கான்னு பாரு.”

பூனை கட்டிலை மோந்தது. இருசம்மாளின் விரலையும் மோந்தது. இருசம்மாள் அதைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. கூடைக்குள் குட்டி கத்தியது. அவ்வளவுதான், சாம்பல் பூனை அவர் காலிடுக்கில் பாய்ந்து வாசலைத் தாண்டிவிட்டது. இருசம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்புறம் அந்தப் பூனையை யாரும் பார்க்கவில்லை. அவளும் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

வைகாசிக் கடைசியில் உண்ணாமலை வந்தாள். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கூச்சல் போட்டாள்.

“அப்பா! ஓடியா! அம்மா ‘ம்’முன்னுச்சுப்பா, குட்டியப் பாத்து!”

கருப்பண்ணன் வந்து நின்றார். “கொட்டாவி உட்டுருப்பா.”

“இல்லப்பா, சத்தியமா. என்னா வேணும்னு கேக்குறாப்புல இழுத்துச்சு.”

அவர் குனிந்து மனைவியின் வாயருகே காதை வைத்தார். மூச்சுதான் வந்தது. அதற்குக் கீழே குட்டி குர்குர்ரென்று இரைந்துகொண்டிருந்தது.

“பூனை எரையுறத கேட்டுட்டு ஒங்கம்மா பேசுறாங்குற.”

“எனக்குத் தெரியாதா எங்கம்மா கொரலு? செத்த நில்லு, மறுபடியும் சொல்லும். ஒன்னு வந்துட்டா மத்தது தானா வரும்.”

நின்றார். கால் கடுக்கும்வரை நின்றார். இருசம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார்.

“அப்பா, பாரு, வாயி அசையுது! திரும்பிப் பாருப்பா!”

“நீயே பாரு” என்றார் கருப்பண்ணன். திரும்பாமல் வாய்க்கால் பக்கம் நடந்தார்.