எட்டு மணிக் கசப்பு

கரிக்கலாம்பாக்கத்தில் ரோஸ்லின் தன் மகளுக்குக் கொடுத்த மாத்திரையின் கசப்பு, கிருமாம்பாக்கம் வெல்டிங் பட்டறையில் இருந்த அவள் கணவன் பாக்யராஜின் நாக்கில் போய் இறங்கியது. தினமும் காலை எட்டு மணிக்கு இது நடந்தது. ஏழு வாரம்வரை அவனுக்குக் காரணம் தெரியாது.

நாலு வயது ஜெர்லினுக்கு முகமும் காலும் வீங்கியிருந்தன. ஆறு வாரம் தினமும், பிறகு ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை, நடுவில் விட்டால் வீக்கம் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொடித்துத் தேனில் குழைத்தாலும் வாழைப்பழத்தில் வைத்தாலும் குழந்தை வாந்தியெடுத்தாள். அந்தக் கதை எதையும் பாக்யராஜ் காதில் வாங்கவில்லை. வீட்டில் சாப்பிட்டு ஏழு மணி பஸ் ஏறுவான்; எட்டுக்கு வாய் கசந்தது. தை மாதம் ரோஸ்லினைக் கைநீட்டி அடித்திருந்தான். அதற்குத்தான் சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று முடிவு செய்தான். சாம்பாரை பாட்டிலில் ஊற்றி ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்தான். உப்பு கொஞ்சம் தூக்கல், வேறொன்றுமில்லை என்றார்கள். சோதனைக்கூடத்தையும் சந்தேகப்பட்டு, வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். கசப்பு நிற்கவில்லை. ஏழாவது வாரம் அது ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தபோது, பயந்துபோய்க் குறைத்துக் கலக்கிறாள் என்று நினைத்தான்.

ஒரு காலை பஸ் ஏறாமல் திரும்பி வந்து சமையலறை ஜன்னலோரம் நின்றான். ரோஸ்லின் கரண்டியை நீட்டி, “கசப்பு அப்பாவுக்கு, மாத்திர பாப்பாவுக்கு” என்றாள். குழந்தை சிரித்துக்கொண்டே விழுங்கியது. ஜன்னலுக்கு வெளியே பாக்யராஜ் காறித் துப்பினான்.

ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள். “வெசம்னா நெனச்ச?”

அவன் தரையைப் பார்த்தான். “நீயே வாங்கிக்கறதுதானே?”

“எனக்கே அனுப்பிப் பாத்தேன். எங்கிட்ட வர்ல. உங்கிட்டதான் போவுது.”

அதையும் அவன் இரண்டு நாள் நம்பவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் சாப்பிட்டான்.

பத்தாவது வாரத்தில் ஒரு மாத்திரை நாள், எட்டரையாகியும் வாய் கசக்கவில்லை. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு போன் செய்தான். “மாத்திர குடுக்கலியா?”

“தூங்கினு கீறா. எழுப்பறேன்.”

நாக்கில் கசப்பு இறங்கும்வரை அவன் போனை வைக்கவில்லை.

பன்னிரண்டு வாரத்தில் வீக்கம் முழுவதும் வடிந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். அடுத்த மாதம் ஊரில் காய்ச்சல் பரவியபோது, பின்தெரு வனஜா நிலவேம்புக் கஷாயமும் மகனுமாக வாசலில் வந்து நின்றாள். பாக்யராஜ் அவளை ஏறஇறங்கப் பார்த்தான். யார் சொன்னது என்று ரோஸ்லினையும் ஒரு பார்வை பார்த்தான்.

“எத்தினி வேள?”

“மூணு வேளண்ணே. அஞ்சு நாளு.”

“இரு, சாப்ட்டுக்கறேன். அப்பறம் புள்ளைக்குக் குடு” என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.