எட்டாம் இடத்தில் எட்டு

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ரயில் மேட்டின் அடியில் நின்றுபோனபோது அறையில் ஒருவரும் பேசவில்லை என்பது என் ஞாபகம். யாரோ சிரித்தார்கள் என்று அக்கா சொல்கிறாள். அவள் அந்த அறையில் இல்லை. அத்தான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அத்தானின் ஞாபகத்தை வைத்து என்னுடையதைத் திருத்தலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தபடியே எழுதுகிறேன்.

அத்தான் ரயில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாதிரி ரயில் அறைக்குப் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே எலக்ட்ரீஷியன். ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே மேஜை, அதன்மேல் சுற்றி வரும் தண்டவாளம், ஒரு கோடியில் மேடு. நீண்ட சரக்கு வண்டியை இரண்டு எஞ்சின்கள் சேர்ந்து மேடு ஏற்றுவதுதான் அங்கே முக்கியமான பாடம். முன்னால் நிற்பது அத்தானே கட்டிய பழைய எஞ்சின். அதற்குக் கிழவன் என்று பெயர் வைத்திருந்தார். அடுத்து நின்றது எரிந்துபோக, அந்த வருடம் பதிலுக்கு ஒன்று வாங்கினார்கள். அது புது மாப்பிள்ளை.

ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் நகம் அளவில் ஒரு டிகோடர் உண்டு. தண்டவாளம் வழியாக வரும் கட்டளையில் தன்னுடைய எண் இருந்தால் மட்டும் அது காது கொடுக்கும். எங்கள் இரண்டும் வேறு வேறு கம்பெனிச் சரக்கு. ஒரே வேகம் சொன்னால் கிழவன் நடப்பான், மாப்பிள்ளை ஓடுவான். அப்படியே கோர்த்துவிட்டால் பின்னவன் முன்னவனை முட்டுவான். வளைவில் சக்கரம் தடம் புரளும். ஆகவே டிகோடருக்குள் ஒவ்வொரு வேகப்படிக்கும் எண்களை மாற்றி மாற்றி எழுதி, இரண்டையும் ஒரே நடைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு நாள் பள்ளி முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க அத்தான் நேத்து பாதிப் பாடத்துல நிறுத்திட்டு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு. ரெண்டு தடவ. கவனிச்சீங்களா?"

கையிலிருந்த டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினேன்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மேலிடத்துக் குழு வருது. ரெட்டை எஞ்சின் வண்டிய அவர் கையால மேடு ஏத்திக் காட்டட்டும். ஏத்திட்டா நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லேன்னா மருத்துவக் குழுவுக்கு எழுதறதத் தவிர எனக்கு வேற வழியில்ல தம்பி."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கெட்டவர் என்றால் சண்டை போட்டிருக்கலாம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"வீட்டுலயும் அப்படித்தான்டா. குழாய் வாஷர தினம் கழட்டிக் கழுவி மாட்டறாரு. ஒழுகவே இல்லீங்கன்னா, புதுசு போட்டா கழுவித்தான் மாட்டணுங்கறாரு. வேலையோட குடுத்த வீடு போனா போகட்டும், எங்கயாவது ஒண்டிக்கலாம். காலையில சட்ட போட்டுட்டுக் கிளம்பற இடம்னு ஒண்ணு அவருக்கு இருக்கணும். அது இல்லேன்னா இந்த மனுஷன் உக்காந்த இடத்துலயே போயிடுவாரு."

"பாத்துக்கறேன்க்கா."

"என்னத்தப் பாத்துப்ப. அவர் கையப் பிடிச்சுக்கிட்டே நிக்க முடியுமா?"

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். இரண்டு எஞ்சின்களையும் கோர்க்காமல், அரைச் சுற்று இடைவெளி விட்டு ஓட வைப்போம். பிறகு பார்த்துக்கொண்டிருப்போம். அவ்வளவுதான். இடைவெளி குறைகிறதா, கூடுகிறதா என்று இருவரும் மேஜை விளிம்பில் கையூன்றி நிற்போம். எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். அத்தானுக்கு என் மௌனம் வேடிக்கை.

"பேசு மச்சான், தண்டவாளம் ஒண்ணும் கோவிச்சுக்காது."

"பாத்துக்கிட்டிருக்கேன் அத்தான்."

"மாப்பிள்ள துரத்தறான் பாரு. நல்லா ஓடறவனத்தான் தட்டி வைக்கணும். நடக்கறவன ஓட வைக்க முடியாது."

"அப்ப அக்கா உங்களத் தட்டி வச்சாங்களா, நீங்க அக்காவையா?"

"உங்கக்கா என்னக் கட்டும்போதே தட்டித்தான் கட்டிக்கிட்டா."

அப்படிச் சிரித்தபடியே கையிலிருந்த கன்ட்ரோலரில் எண்ணை மாற்றுவார். அவர் விரல்களில் ஒரு குறையும் இல்லை. மதியத்துக்குள் இடைவெளி அசையாமல் நின்றது. மாப்பிள்ளை அடங்கிவிட்டான். அத்தான் டீ குடிக்கப் போனார். எனக்கு மனம் லேசாக இருந்தது.

மாலையில் மறுபடி ஓட்டினோம். மாப்பிள்ளை பாய்ந்து கிழவனின் முதுகைப் பிடித்தான்.

தண்டவாளத்தைத் துடைத்தேன். சக்கரங்களைத் துடைத்தேன். மறுநாள் முதலிலிருந்து செய்தோம். மாலையில் எல்லாம் காணோம். மூன்றாம் நாளும் அதே கதை. டிகோடரைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன். வேலை முடியாத ஒவ்வொரு மாலையும் அத்தான் மட்டும் நிம்மதியாகக் கைகழுவிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த நாள் மதியம் ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வாசலிலிருந்தே பார்த்தேன். அத்தான் டீ குடித்துவிட்டு எனக்கு முன்னால் வந்திருந்தார். கிழவனைத் தூக்கி எண் எழுதும் தனித் தண்டவாளத்தில் வைத்தார். டிகோடரின் நினைவில் வரிசையாக உள்ள இடங்களில், எட்டாம் இடத்தில் எட்டு என்று எழுதினார்.

எட்டாம் இடத்தில் எட்டு எழுதினால் டிகோடர் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போய்விடும். அதற்குப் பழக்கிய வேகங்கள் எல்லாம் அழியும். தன் சொந்த எண்ணைக்கூட அது மறந்துவிடும். மூன்று என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். புது எஞ்சின் எது வந்தாலும் எங்கள் அறையில் செய்யும் முதல் வேலை அது. அத்தான் கிழவனுக்குப் பழைய எண்ணை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையை எடுத்து அவனுக்கும் அதையே செய்தார்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"புதுசா வந்திருக்கு மச்சான். முதல்ல கழுவி விடணும்ல."

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அன்று மாலைக்குள் தனியாகவே எண்களை மறுபடி எழுதினேன். மாப்பிள்ளையின் டிகோடரில் பூட்டு உண்டு; அதைப் போட்டுவிட்டால் திறக்கத் தெரியாதவன் உள்ளே எதையும் எழுத முடியாது. போட்டேன். கிழவனுக்குள் இருந்தது பழைய டிகோடர். அதில் பூட்டு கிடையாது. அவனைத் துணியில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். சாப்பிடப் போனாலும் பை தோளிலேயே இருந்தது.

"என்னடா, பைக்குள்ள புதையலா?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான்."

"எனக்கும் பாதி குடு."

வெள்ளிக்கிழமை குழு வந்தது. பயிற்சி ஓட்டுநர்கள் சுவரோரம் நின்றார்கள். கடைசி நிமிடம் வரை காத்திருந்து கிழவனைத் தண்டவாளத்தில் வைத்தேன். முதல்வர் என்னிடம் மெதுவாக, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். நியாயம்தான். தள்ளி நின்றேன்.

அத்தான் அற்புதமாகப் பேசினார். பாரம் எப்படிப் பங்காகிறது, முன்னால் இருப்பவன் இழுப்பதைப் பின்னால் இருப்பவன் எப்படி உணர்கிறான் என்று தடுமாறாமல் சொன்னார். வண்டி அழகாக வந்து மேட்டடியில் நின்றது. மேட்டடியிலிருந்து கிளப்பிக் காட்டுவதுதான் பாடம். அவர் குனிந்து கிழவனைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஓடும் பாதையில் வைத்தே எண் எழுத ஒரு வழி உண்டு என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் கட்டைவிரல் கன்ட்ரோலரில் நகர்ந்தது. எட்டு. மறுபடி எட்டு.

பிறகு இரண்டு எஞ்சின்களையும் ஒன்றாக ஓட்டும் வேகக் குமிழைத் திருகினார். கிழவன் அசையவில்லை. மாப்பிள்ளையின் சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. அறையில் அந்தச் சத்தம்தான் கேட்டது. அத்தான் குமிழை இன்னும் திருகினார்.

யாரையும் கேட்காமல் சுவரில் தொங்கிய இன்னொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். மூன்று என்று கூப்பிட்டேன். கிழவன் சிலிர்த்தான்.

"நீங்க மாப்பிள்ளயப் பாத்துக்கோங்க அத்தான். நான் முன்னால இருக்கறவனப் பாத்துக்கறேன்."

"சரி. அவசரப்படாத மச்சான்."

பழக்கிய எண்கள் இல்லாத எஞ்சினுக்குக் கண்தான் கணக்கு. இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவில் இருந்த கொக்கியை மட்டும் பார்த்தேன். அது இழுபட்டால் நான் வேகம் முந்துகிறேன். நெருங்கினால் அவர் முந்துகிறார். அத்தானும் அதையேதான் பார்த்தார். அவர் மூச்சு என் காதருகில் கேட்டது. வளைவில் ஒருமுறை பெட்டிகள் குலுங்கின; இருவரும் ஒரே நொடியில் குறைத்தோம். வண்டி ஏறியது. கடைசிப் பெட்டி உச்சியைத் தாண்டியதும் பயிற்சி ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். முதல்வரும் தட்டினார்.

குழுவில் ஒரு அம்மா இருந்தார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"முன்னால இருக்கற எஞ்சின் ஏன் முதல்ல கிளம்பல?"

கம்பி விட்டுப்போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"புதுசா வந்த எஞ்சின்ங்க. இன்னிக்குத்தான் பாக்கறேன்." கிழவனின் கூரையை விரலால் தடவினார். "யார் கட்டினானோ, நல்லாக் கட்டியிருக்கான்."

சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் அது யார் கட்டியது என்று தெரியும். முதல்வர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நீர் இருந்ததாக நினைக்கிறேன். இதிலும் எனக்கு நிச்சயமில்லை.

மருத்துவக் குழு அத்தானை ஓய்வில் அனுப்பியது. குடியிருப்பைக் காலி செய்துவிட்டு அவரும் அக்காவும் என் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா ஒரு தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல்வர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார். மாதிரி ரயில் அறை என் பொறுப்புக்கு வந்தது. இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே கம்பெனி டிகோடர் போட்டுவிட்டேன், இப்போது தொந்தரவு இல்லை. அத்தான் இருக்கிறார். காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்காருகிறார். அக்கா கடைக்குக் கிளம்பும்போது அவளுக்கு வணக்கம் சொல்கிறார்.