முதல் கூறு

காலையில் இருந்து தண்ணீரில் நின்றதில் ரமேஷுக்கு முழங்கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. விடியும் முன் குடித்த கூழ் எப்போதோ கரைந்துவிட்டது. பசி வயிற்றைக் கடந்து தொடைக்கு இறங்கி, அங்கே நடுக்கமாக நின்றது. அவனுக்கு முன்னால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்ற, மீன்பிடி முகாமுக்கு வந்திருந்த பார்த்திபன், நீளக் கம்பைப் பின்னால் வீசி முன்னால் கொண்டுவந்தான். மஞ்சள் நூல் காற்றில் வளைந்து போனது. அதன் நுனியில் கோழியிறகால் கட்டிய பொய் ஈ தண்ணீர்மேல் உட்கார்ந்ததும் ஒரு கெண்டை மேலே வந்து கவ்வியது. ரமேஷ் இரண்டு கைகளையும் நனைத்துக்கொண்டு அதை ஏந்தினான். காய்ந்த கையால் தொட்டால் மீனின் வழவழப்பு போய்விடும், அப்புறம் பிழைக்காது என்று முகாமில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பார்த்திபன் படம் எடுத்துக்கொண்டான். ரமேஷ் தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, செவுள் அசைவது தெரிந்ததும் கையைத் திறந்தான். மீன் போனது. குழம்பு வைத்தால் இரண்டு பேர் சாப்பிடலாம் என்று தினமும் நினைப்பதை அன்றும் நினைத்தான்.

"இது ட்ரவுட் இல்லையே ப்ரோ," என்றான் பார்த்திபன். "நான் இமாச்சல்ல பிடிச்சிருக்கேன். அது உடம்பெல்லாம் புள்ளி இருக்கும்."

"இங்க இதான் சார் ட்ரவுட்டு."

"அப்ப உங்க ஓனர் வெப்சைட்ல போட்டிருக்கிற போட்டோ?"

"அது வேற மீனு சார்."

பார்த்திபன் சிரித்துவிட்டான். கெட்ட ஆள் இல்லை. தண்ணீர் பாட்டிலை முதலில் ரமேஷிடம் நீட்டிவிட்டுத்தான் தான் குடிப்பான். "மீன் எல்லாம் தூங்கி வழியுது. இழுத்தா சண்டையே போட மாட்டேங்குது. நாளைக்குக் காலைல பெருசா ஒண்ணு காட்டுங்க. மத்தியானம் நான் கிளம்பறேன்."

மீன் ஏன் தூங்கி வழிகிறது என்று ரமேஷுக்குத் தெரியும். தண்ணீர் சுட்டது. கணுக்கால் வரை வெந்நீரில் நிற்பது போல இருந்தது. அவர்கள் நின்ற கருமடுவின் கீழ்ப்புறம் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. வெயில் ஏறினால் மீன்கள் அதன் வழியாக நழுவி, பாறைக் கவிப்புக்குக் கீழே ஊற்றோடு கிடக்கும் சின்ன மடுவுக்குப் போய்விடும். இப்போது அந்தச் சந்தில் சிமெண்ட் சாக்கில் மணல் நிரப்பிய மூட்டைகள் இருந்தன. மேலே காட்டுக்கொடியை இழுத்துப் போட்டிருந்தது. மூட்டைகளை முதுகில் சுமந்துவந்து அடுக்கியவன் ரமேஷ்தான்.

மடுவின் நடுப்பாறையில் எந்தக் காலத்திலோ உளியால் வெட்டிய ஒரு கோடு இருக்கிறது. கோடையில் ஆற்று ஓட்டம் நூலாகி, தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஊர் மடுவில் இறங்கும். காரைக்காயை இடித்துக் கரைப்பார்கள். மயங்கி மேலே வரும் மீனைக் கூடையில் அள்ளி, கரையில் இலை விரித்து, வீட்டுக்கு ஒரு கூறு போடுவார்கள். முதல் கூறு மட்டும் அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கு. சாவு வீட்டுக்காரர்கள் ஒரு பானையை வேலிக்கம்பில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஊர் கூடிக் கொண்டுபோய் வைக்கும் முதல் கூறு அந்தப் பானையில் வேகும்போதுதான் பானை நிமிர்ந்ததாகக் கணக்கு. அதுவரை அந்த வீட்டு ஆட்கள் விதைக்குக் கை வைக்கக் கூடாது. வேறு ஊரில் இப்படி இல்லை. இந்த ஊரில் இதை மீறியவர்களும் இல்லை.

இந்த வருஷம் கவிழ்ந்த பானை மங்கம்மாளுடையது. மாசியில் அவள் புருஷன் தாண்டவராயன் புளிய மரத்தில் ஏறி உலுக்கும்போது கிளையோடு விழுந்தான். எப்போதும் ரமேஷும் அவனும் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவன் மேலே, ஒருவன் கீழே கயிற்றோடு. அன்றைக்கு ரமேஷ் வேலூரில் இருந்து வந்த இரண்டு பேரை மீன் பிடிக்க ஆற்றுக்குக் கூட்டிப்போயிருந்தான்.

முகாம் ஒடுகத்தூர் விஜயராஜுடையது. ஆற்றோரம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கூடாரம் போட்டு, 'மலையாற்றில் ட்ரவுட்' என்று பலகை வைத்தார். அதற்கு முன்பு ரமேஷ் குடகில் மிளகு எஸ்டேட்டில் இருந்தான். ஏணியில் ஏறி ஏறிப் பாதம் தடித்து, மழையில் விரலிடுக்கு புண்ணாகி, வருஷத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்தான். மூத்த பெண் அவனை மாமா என்று கூப்பிட்டாள். இங்கே வேலை கிடைத்தபோது பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

சித்திரையில் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நீதான் தெனம் அங்க கீற மாப்ள. கோடு தெரிஞ்சா வந்து சொல்லு. நாங்க எதுக்கு எறங்கி ஏறணும்." அதே வாரம் விஜயராஜ் சொன்னார்: "மீன் இருக்கற வரைக்கும்தான் ரமேஷு உனக்கு வேல. உங்காளுங்க மருந்து கலக்கிட்டாங்கன்னா நான் கூடாரத்தப் பிரிச்சிகினு போய்கினே இருப்பேன். மழ வர்ற வரைக்கும் ஓட்டு."

ரமேஷ் இரண்டு பேருக்கும் சரி என்றான். தண்ணீர் கோட்டை நெருங்கியபோது மூட்டையை அடுக்கினான். தண்ணீர் கோட்டுக்கு மேலேயே நின்றது. பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யார் கேட்டாலும், கோடு தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னான்.

பொழுது சாய வீட்டுக்குப் போகும்போது மங்கம்மாள் வேலியோரம் நின்றிருந்தாள். பக்கத்துக் கம்பில் பானை கவிழ்ந்திருந்தது. அடிப்புறக் கரி வெயிலில் வெளுத்திருந்தது.

"கோடு தெரிஞ்சிதா தம்பி?"

"இன்னும் இல்ல அண்ணி."

"இன்னாடா இது, இந்த வெயிலுக்குக் கல்லே காஞ்சி வெடிக்குது, மடு மட்டும் வத்தல." அவள் மேற்கே பார்த்தாள். "ரெண்டு நாளா அந்தாண்ட இடிக்குது. மழ வுழுந்து மடு நெறஞ்சிட்டா அப்புறம் எறங்க முடியாது. நெலத்த ஓட்டிப் போட்டுட்டேன். ஏர் புடிச்சவனுக்குப் பதிலுக்கு அவன் கொல்லையில களை எடுத்துத் தர்றேன்னு சொல்லிக்கிறேன்."

"தெரிஞ்சிடும் அண்ணி. நாளைக்கே தெரிஞ்சாலும் தெரிஞ்சிடும்."

"உங்கண்ணன் இருந்தா தெனம் போய் எட்டிப் பாத்துகினு வந்திருக்கும். மீன் பைத்தியம்." சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "உங்கிட்ட வுட்டுட்டேன். நீ சொன்னா சரி."

வீட்டில் மனைவி தேவயானி களியும் கொள்ளுக் கடைசலும் வைத்தாள். ரமேஷ் முதல் உருண்டையை மெல்லாமல் விழுங்கினான்.

"தெனம் மீன் வாடையோட வர்ற. வாய்க்கு மட்டும் ஒரு நாளும் எட்டல," என்றாள் அவள். "ஊர்ல இருக்கறவனெல்லாம் புடிச்சத துன்னுவான். புடிச்சத வுடறதுக்கு ஆள் வச்சிக்கிறது உங்க மொதலாளிதான்."

அவன் தட்டில் இருந்து தலையைத் தூக்கினான். மூலையில் புதிதாக ஒரு சாக்குப் பை, வாய் கட்டி இருந்தது.

"அது இன்னா?"

"மங்கம்மா அக்காவோட வெதச் சாம. வூட்ல இருந்தா புள்ளைங்க தெரியாம கை வச்சிடும்னு இங்க கொண்டாந்து குடுத்தாங்க. பானை நிமிர்ந்ததும் வாங்கிக்கிறாங்களாம்."

ரமேஷ் தட்டிலேயே கையைக் கழுவினான். நாளைக்கு மத்தியானம் பார்த்திபன் கிளம்பியதும் மூட்டையைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தான். தண்ணீர் இறங்கும், கோடு தெரியும், சாயந்திரமே ஊரில் சொல்லிவிடலாம். வேலை போனால் போகிறது. குடகு எங்கேயும் போய்விடவில்லை. இப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் அடங்கியது. இப்போதே போய்ப் பிடுங்கினால் என்ன என்ற யோசனையும் வந்தது. முழங்கால் வலித்தது. அரை நாளில் என்ன ஆகிவிடும் என்று பாயை விரித்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் வெளிச்சம் வந்தபோது பார்த்திபனை முன்னால் விட்டு, கம்பும் பையுமாக அவன் பின்னால் இறங்கினான். மடு தெரிவதற்கு முன்னால் வாடை தெரிந்தது. பார்த்திபன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான்.

தண்ணீர் தெரியவில்லை. மீன்தான் தெரிந்தது. வெள்ளை வயிறு மேலே பார்க்க, ஒன்றோடொன்று ஒட்டி, கரையோரம் அடுக்கியது போலக் கிடந்தது. சந்துப் பக்கம்தான் அதிகம். இரவெல்லாம் வழி தேடி அங்கே முட்டியிருக்கின்றன. மூட்டைக்கு மேலே ஏறிக் குதித்து, கொடியில் சிக்கிச் செத்தவையும் இருந்தன. முள்ளால் குத்துப்பட்டுப் பிழைத்து, உதடு ஓரத்தில் தழும்போடு திரிந்த ஒரு பெரிய கெண்டையை ரமேஷுக்கு அடையாளம் தெரிந்தது. அதன் கண்ணில் ஏற்கெனவே ஈ உட்கார்ந்திருந்தது. நிஜ ஈ.

"ப்ரோ... என்னால முடியல," என்று பார்த்திபன் மேலே ஏறிப் போனான். கம்பை ரமேஷின் தோளிலேயே விட்டுவிட்டான்.

மேட்டில் ஏறி சிக்னல் பிடித்து விஜயராஜிடம் சொன்னான். அவர், "சாக்குல அள்ளிக் குழி தோண்டிப் பொதைச்சிடு. வாடை டென்ட்டு வரைக்கும் வரக்கூடாது. மழ வந்தா குஞ்சு வாங்கி வுட்டுக்கலாம், போ," என்றார்.

அவன் திரும்பி வருவதற்குள் வாடை ஊருக்குப் போய்விட்டது. ஆடு மேய்க்க வந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். கரையில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கோபால்சாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சந்துக்கு இறங்கி, கொடியை விலக்கிப் பார்த்தார்.

"மூட்ட யாரு வச்சது மாப்ள?"

"நான்தான் மாமா."

"உங்க மொதலாளியா?"

"இல்ல. நான்தான்."

அவர் தலையாட்டினார். ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. ரமேஷ் உதவப் போனான். "நீ தள்ளு," என்று அவனை ஒதுக்கிவிட்டு, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு இழுத்துப் போட்டார். சந்தில் தண்ணீர் பாய்ந்தது. செத்த மீன்கள் வரிசையாக அதில் போயின. நடுப்பாறையில் உளிக்கோடு மெல்ல வெளியே வந்தது.

"கோடு தெரியுது பாரு," என்றார் கோபால்சாமி. "இப்பப் போய் ஊருக்குச் சொல்லு."

பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு உடனே நின்றது. மங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் வந்திருந்தாள். இடுப்பில் கூடை. வீட்டில் இருந்தே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாடையை நம்பாமல் வந்தாளோ என்னவோ.

"உசுரோட ஒண்ணாவது இருக்குதா பாருங்க," என்றாள்.

கோபால்சாமி அவளைப் பார்த்தார், மடுவைப் பார்த்தார். "ஒண்ணு இருந்தாக்கூடப் போதும். ஊரு நிக்குது இல்ல. அத்த வச்சே மொதக் கூறு குடுத்துறலாம். பானை நிமிர்ந்துடும். தேடுங்கடா."

எல்லோரும் இறங்கினார்கள். கையால் பிணங்களை விலக்கி விலக்கித் தேடினார்கள். ரமேஷ் மற்றவர்களுக்கு முன்னால், ஓட்டம் விழுகிற மேல்கோடியில், பாறை வேருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். விரலில் ஏதோ துடித்தது. மெல்ல வெளியே கொண்டுவந்தான். விரல் நீளக் கெண்டை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் எப்போதாவது ஒருமுறை திறந்தது.

"இருக்குது," என்றான். மங்கம்மாள் பக்கம் திரும்பினான். "இருக்குது அண்ணி."

மங்கம்மாள் கூடையோடு தண்ணீரில் இறங்கி அவனை நோக்கி வந்தாள். மீன் அவன் கையில் சாகப் பார்த்தது. அவள் வருவதற்குள் போய்விடக் கூடாது. அவன் கை அதை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பியது. வாயில் தண்ணீர் ஏறும்படிப் பிடித்தது. செவுள் ஒருமுறை அசைந்தது. இன்னொருமுறை. அப்புறம் நன்றாக விரிந்து மூடியது. விரிந்து மூடியதும், தினமும் செய்வது போல, அவன் கை திறந்துகொண்டது.

மீன் ஒரு வாலடியில் திரும்பி, பிணங்களுக்குக் கீழே புகுந்து, சந்தில் பாயும் தண்ணீரோடு கீழ்மடுவின் கவிப்புக்குள் போய்விட்டது. அங்கே கை எட்டாது.

மங்கம்மாள் கூடையை நீட்டியபடி நின்றிருந்தாள். அவன் கை தண்ணீருக்குள் திறந்தபடியே இருந்தது. கையை வெளியே எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"வுட்டுட்டியா," என்றாள். கேள்வி மாதிரி இல்லை. திட்டும் இல்லை. கூடையைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, உதறி, இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறினாள்.

அன்று பகல் முழுக்க ரமேஷ் மீனைச் சாக்கில் அள்ளிப் புதைத்தான். யாரும் உதவிக்கு வரவில்லை. வாரம் முடிவதற்குள் மேற்கே இடித்துக்கொண்டிருந்த மழை இந்தப் பக்கம் வந்தது. மடு நிறைந்தது, உளிக்கோடு முழுகியது. ஊரில் எல்லா வீட்டில் இருந்தும் விதைக்கூடை கொல்லைக்குப் போனது. மங்கம்மாள் உழுதுபோட்ட நிலத்தில் தண்ணீர் தேங்கி, புல் முளைக்க ஆரம்பித்தது. களை எடுத்துத் தருவதாகச் சொன்ன கொல்லைக்கு அவள் தினமும் போய்வந்தாள். வேலிக்கம்பில் கவிழ்ந்த பானையின் அடிப்புறத்தில் மழை தட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் ரமேஷின் வீடு வரை கேட்டது. அங்கே மூலையில் அவளுடைய விதைச் சாமை, கட்டு அவிழாமல் இருந்தது. தேவயானி அதைச் சுற்றித்தான் பெருக்கினாள்.

ரமேஷ் மங்கம்மாளுக்குத் தரவேண்டியது ஒரு கூறு மீன்.